அலாய் வீல்ல பிரவுன் புள்ளி, ஓரத்துல வெள்ளைக் கோடு: ஆசிட் அடிக்கலாமா? உதவி பண்ணுங்க

பாலவாக்கம்_டிரைவர்:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகுது, 17 இன்ச் டைமண்ட் கட் அலாய், முகப்பு மட்டும் சில்வரா பளபளன்னு இருக்கும், குழி பக்கமெல்லாம் கருப்பு. இப்ப முன்னாடி ரெண்டு வீல்லயும் மஞ்சளும் பிரவுனுமா பொடிப்பொடியா புள்ளி வந்திருக்கு, கார் ஷாம்பு போட்டு எவ்ளோ தேச்சாலும் அசைய மாட்டேங்குது. பின் வீல்ல அவ்ளோ இல்ல. இது போக இடது முன் வீல் ஓரத்துல, பிளாட்பார்ம் கல்லு உரசின இடத்துலேர்ந்து வெள்ளையா புழு ஊர்ந்த மாதிரி கோடு கோடா உள்ள போயிட்டிருக்கு. வீட்டுலேர்ந்து பீச்சுக்கு நடந்தே போயிடலாம், அபார்ட்மென்ட்ல போர் தண்ணிதான். வாட்டர் வாஷ் கடைல கேட்டா "ஆசிட் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல புதுசாயிடும் சார்"னு சொல்றாங்க. அடிக்க விடலாமா? எனக்கு மனசு ஒப்பல, அதான் கேக்குறேன்.

கியர்_பிரியன்:
ப்ரோ, ஆசிட்னா பயப்படாதீங்க, எங்க ஏரியால நிறைய பேரு பாத்ரூம் கிளீனரே போட்டுத் தேய்க்கிறாங்க, கறை நல்லா போகுது. போட்டு உடனே கழுவிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறேன். இல்லேன்னா பித்தளைப் பாத்திரத்துக்குப் போடுற பவுடர் ட்ரை பண்ணுங்க.

கோவை_வீல்_கடை:
தம்பி, ரெண்டுமே வேணாங்க. பாத்ரூம் கிளீனர்ல இருக்கிறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். அலுமினியத்துக்கு ஆசிடும் ஆகாது, காஸ்டிக் சோடா மாதிரி காரமும் ஆகாது, ரெண்டுலயும் கரையும். வீலுக்கு மேல கிளியர் கோட்னு ஒரு லேயர் இருக்கு, அது நல்லா இருக்கிற வரைக்கும் தாங்கும், எங்க சின்னதா விட்டிருக்கோ அந்த வழியா உள்ள போயி மெட்டலை அரிச்சிடும். அன்னிக்குப் பாக்க பளிச்னுதான் இருக்கும், கொஞ்ச நாள் போனா சாம்பல் பூத்து மங்கிடும். போதாக்குறைக்கு வீல் நட்டு, பிரேக் டிஸ்க், காலிப்பர் எல்லாத்து மேலயும் தெறிச்சு துரு பிடிக்கும். பித்தளைப் பவுடர் கல்லு மாதிரி ராவும், கிளியர் கோட்ல பூரா கீறல்தான் மிஞ்சும். பச்சை ஸ்க்ரப்பரும் வேண்டாங்க.

சார், மொதல்ல ஒண்ணு பண்ணுங்க. வீலைக் கழுவிக் காய வச்சிட்டு, கையில மெல்லிசான பாலித்தீன் கவர மாட்டிக்கிட்டு புள்ளி இருக்கிற இடத்தை மெதுவாத் தடவுங்க. வெறும் விரல்ல தெரியாத சொரசொரப்பு கவர் வழியா நல்லாத் தெரியும். அப்புறம் அந்த வெள்ளைக் கோட்டு மேலயும் அதே மாதிரி தடவிட்டு சொல்லுங்க. ரெண்டும் ஒரே வியாதி இல்லேன்னுதான் எனக்குத் தோணுது.

பாலவாக்கம்_டிரைவர்:
அண்ணா ரொம்ப நன்றி. பாத்துட்டேன். பிரவுன் புள்ளி உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கு. வெள்ளைக் கோடு அப்படி இல்ல, மேல வழவழன்னு, லேசா உப்பின மாதிரி இருக்கு, நகத்தால சுரண்டினா எதுவும் வரல. கல்லு உரசின எடத்துல மட்டும் கொஞ்சம் தோல் தூக்கியிருக்கு.

கோவை_வீல்_கடை:
அதேதாங்க. பிரவுன் புள்ளி கிளியர் கோட்டுக்கு மேல இருக்கு, வெள்ளைக் கோடு அந்தக் கிளியர் கோட்டுக்கு அடியில இருக்கு. மேல இருக்கிறது கழுவினா போகும், அடியில இருக்கிறது என்ன போட்டுக் கழுவினாலும் போகாது. இதைப் பிரிச்சுப் பாக்காமத்தான் எல்லாரும் ஆசிடுக்குப் போறாங்க.

பிரவுன் புள்ளி பிரேக் டஸ்ட். பிரேக் பிடிக்கிறப்ப பேடும் டிஸ்க்கும் தேயுது, டிஸ்க் வார்ப்பிரும்பு, அந்த இரும்புத்தூள் சூடாப் பறந்து வீல் மேல ஒட்டி, கிளியர் கோட்டுல லேசாப் பதிஞ்சு, அப்புறம் ஈரம் பட்டு துருவாகுது. பிரேக் பிடிச்சா வண்டி எடை முன்னாடி சாயும், முன் பிரேக்குக்குத்தான் வேலை ஜாஸ்தி, அதனாலதான் உங்களுக்குப் பின்னாடி கம்மியா இருக்கு.

இதுக்கு அயர்ன் ரிமூவர்னு கார் ஆக்சஸரீஸ் கடைல, ஆன்லைன்லயும் கிடைக்கும். ஆசிட் இல்லாதது, லேபிள்ல பி.ஹெச். நியூட்ரல்னு போட்டிருக்கணும், பாத்து வாங்குங்க. வண்டி ஓட்டிட்டு வந்த உடனே அடிக்காதீங்க, வீல் கை வச்சாக் குளுகுளுன்னு இருக்கணும், நெழல்ல இருக்கணும். மொதல்ல தண்ணி அடிச்சு மண்ணெல்லாம் போக்கிட்டு ஷாம்பு போட்டுக் கழுவுங்க, அப்புறம் ஒரு வீலுக்கு மட்டும் ஸ்ப்ரே பண்ணுங்க. கொஞ்ச நேரத்துல புள்ளி ஒவ்வொண்ணும் ஊதாவா மாறி வழிய ஆரம்பிக்கும், இரும்போட சேர்ந்து வர்ற கலருங்க அது, பயப்படாதீங்க. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், காத்தோட்டமா இருக்கிற எடத்துல கிளவுஸ் போட்டுப் பண்ணுங்க. மூணு நாலு நிமிஷம் விட்டு மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல தேச்சு நிறைய தண்ணி விட்டு அடிச்சிடுங்க. காய மட்டும் விடக்கூடாது, காஞ்சா அதுவே கறையாகும். முடிச்சிட்டுத்தான் அடுத்த வீல். ஒரே தடவைல போகலேன்னா திரும்பப் போடுங்க, அழுத்தித் தேய்க்க வேணாம். அப்பவும் சொரசொரப்பு மிச்சம் இருந்தா கிளே பாரை (ஒட்டின அழுக்கை இழுத்து எடுக்கிற களிமண் மாதிரி கட்டி) ஷாம்புத் தண்ணில நனைச்சு வழுக்கி வழுக்கி இழுங்க. அந்தக் கிளேவை திரும்ப பாடி பெயிண்ட்ல போட்றாதீங்க, அதுல ஏறுன இரும்புத்தூள் பெயிண்டைக் கீறும்.

உப்புக்காத்து_வாசி:
நானும் ஈசிஆர் பக்கம்தான் தம்பி, நீலாங்கரை. அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க, போர் தண்ணில கழுவிட்டு வெயில்ல அப்படியே காய விடாதீங்க, வட்டம் வட்டமா சுண்ணாம்புக் கறை பிடிச்சுக்கும், பிரேக் டஸ்ட்டுக்கு அடுத்து நம்ம பக்கம் பெரிய தொல்லை அதுதான். கழுவின கையோட மைக்ரோஃபைபர் துணில நட்டுக்குழி வரைக்கும் தொடச்சிடணும். வீலுக்குத் தனித் துணி, தனி வாளி, பாடிக்கு வேற. ஏற்கனவே வெள்ளை வட்டம் இருந்தா வெள்ளை வினிகரை சம அளவு தண்ணில கலந்து துணில தொட்டு லேசா ஒத்தி உடனே கழுவிடுங்க. கோட் தூக்கியிருக்கிற எடத்துல அதுவும் வேண்டாம். அப்புறம் பீச் ரோட்டுல வண்டி நிக்கிற நமக்கெல்லாம் வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணி அடிச்சு உப்பைக் கழுவணும், ஷாம்பு கூட தேவையில்ல, வெறும் தண்ணி போதும், வீலோட உள் பக்கத்துக்கும் சேத்து.

பாலவாக்கம்_டிரைவர்:
அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. அயர்ன் ரிமூவர் வாங்கிட்டேன், ஞாயித்துக்கிழமை போடுறேன். அந்த வெள்ளைக் கோட்டுக்கு என்ன வழி? மேல கிளியர் ஸ்ப்ரே அடிச்சு மூடிட்டா நின்னுடுமா?

கோவை_வீல்_கடை:
நிக்காதுங்க, மூடினா ஈரமும் உப்பும் உள்ளயே மாட்டிக்கும், அடியில பரவிட்டேதான் இருக்கும். டைமண்ட் கட்டுங்கிறது லேத்துல மெட்டலைச் சீவி எடுத்து, பெயிண்ட் இல்லாம, வெறும் கிளியர் மட்டும் பூசினது. சில்வர் பெயிண்ட் அடிச்ச சாதா அலாய்ல அடியில பிரைமர் இருக்கும், கலர் இருக்கும், இதுல அந்தப் பாதுகாப்பு கெடையாது. அதனால ஒரு கல்லு பட்டு கிளியர் விட்டுச்சுன்னா உப்புத் தண்ணி நேரா அலுமினியத்துல இறங்கி கிளியர் கோட்டுக்கும் மெட்டலுக்கும் நடுவுல நூல் மாதிரி ஓடிட்டே இருக்கும். வீல் ஆடாம சுத்தறதுக்குப் பண்ற பேலன்சிங்ல ஓரத்துல கிளிப் வெயிட்டு அடிச்சாக்கூட இதே கதைதான், அடுத்த தடவை உள் பக்கம் ஒட்டுற வெயிட்டு போடச் சொல்லுங்க.

சரி பண்ணணும்னா டயரைக் கழட்டி, கிளியர் கோட்டை முழுசா உரிச்சு, சிஎன்சி லேத்துல (கம்ப்யூட்டர்ல ஓடுற லேத்) திரும்ப சீவி, புதுக் கிளியர் அடிக்கணும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெட்டல் போகுது, அதனால ஒரு வீலுக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல நான் ஒத்துக்கிறதில்ல. பீச் ஓரம் இருக்கிற உங்களுக்கு என் யோசனை, டைமண்ட் கட்டை விட்டுட்டு நாலையும் பவுடர் கோட்டிங் (பெயிண்டைப் பவுடரா அடிச்சு ஓவன்ல சுட்டு ஒட்ட வைக்கிறது) பண்ணிடுங்க. அந்தப் பளபளப்பு இருக்காது, ஆனா முழுசா மூடியிருக்கும், கல்லடியும் நல்லாத் தாங்கும். கடைல ஓவன் சூடு எவ்ளோ, எவ்ளோ நேரம்னு கேட்டுக்கோங்க, வார்த்து எடுத்து ஹீட் ட்ரீட்மென்ட் பண்ண அலாய் இது, அளவுக்கு மேல சுட்டா பலம் போயிடும். ஒழுங்கா பதில் சொல்லாத கடைக்குக் குடுக்காதீங்க. நட்டு உக்கார்ற எடத்துலயும் ஹப்புல ஒட்டுற முகத்துலயும் பவுடர் ஏறக்கூடாது, மாஸ்க் பண்ணச் சொல்லுங்க, ஏறுச்சுன்னா நட்டு பிறகு லூசாகும். மாட்டின பிறகு, முறுக்குற அளவைக் காட்டுற டார்க் ரெஞ்ச்ல மேனுவல்ல போட்ட அளவுக்கு முறுக்கி, கொஞ்ச தூரம் ஓடினதும் திரும்ப செக் பண்ணணும்.

பாலவாக்கம்_டிரைவர்:
அப்டேட். ஞாயித்துக்கிழமை காலைல போட்டேன். அண்ணா சொன்ன மாதிரியே ஊதாவா அப்படியே ஒழுகுச்சு, ஸ்போக்குக்குப் பின்னாடிலேர்ந்துதான் ரொம்ப வந்துச்சு. வலது வீல் சுத்தமாயிடுச்சு, இடதுல ரெண்டாவது தடவை போட்டு கொஞ்சம் கிளேயும் இழுத்தேன். இப்ப கவர் போட்டுத் தடவினா கண்ணாடி மேல போற மாதிரி போகுது. வாட்டர் வாஷ் கடைல இனிமே வீல் மேல எதுவும் அடிக்காதீங்க, தண்ணி மட்டும் போதும்னு சொல்லிட்டேன். மேல என்ன பூசணும், மெழுகா செராமிக் கோட்டிங்கா?

கோவை_வீல்_கடை:
சந்தோஷம் சார். சாதா கார்னபா மெழுகு 80 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிச்சிடும், பிரேக் சூட்டுல முன் வீல்ல நெலைக்காது. செராமிக் இப்ப வேணாம், பவுடர் கோட்டிங் முடிஞ்சு புது வீல் மேல பண்ணிக்கலாம், கழட்டியிருக்கப்ப உள் பக்கமும் பூசிடலாம். அதுவரைக்கும் வீல் சீலன்ட் ஸ்ப்ரே போதும், நல்லாக் காஞ்ச வீல்ல துணில எடுத்துப் பூசி, தொடச்சு விடுங்க, ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. நேரா வீல் மேல அடிக்காதீங்க, டிஸ்க்ல பட்டா பிரேக் பிடிக்காது. டயர் பாலிஷும் அப்படித்தான். கழுவி முடிச்சதும் மெதுவா ஒரு ரவுண்டு போயி ரெண்டு மூணு தடவை பிரேக் அழுத்திட்டு நிறுத்துங்க, டிஸ்க் காஞ்சிடும்.

உப்புக்காத்து_வாசி:
தம்பி, பவுடர் கோட்டிங் பண்ணினா எந்தக் கடை, எவ்ளோ ஆச்சுன்னு இங்க போடுங்க, எனக்கும் பின் வீல் ஒண்ணுல அதே கோடு ஆரம்பிச்சிருக்கு.