மாட்டுக் கொட்டகையைத் தங்கும் அறையாக்க: உப்புப் பூத்த சுவரை என்ன செய்வது?

தோப்புக்காரன்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் 42க்கு 16 அடி ஓட்டுக் கொட்டகை. சுவர் 18 அங்குலம், கருங்கல்லும் மண்சாந்தும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கூரை பனங்கை (பனைமரச் சட்டம்), மங்களூர் ஓடு. பல வருஷம் மாடு கட்டிய இடம். குளியலறையோடு இரண்டு அறையாக்கி, தோப்புக்கு வருகிறவர்களைத் தங்கவைக்க யோசனை. தரையிலிருந்து மூன்றடி வரை சுவர் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. கொத்தனார் எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, புட்டி வைத்து பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார். சரி வருமா? கூரையைப் பிரிக்கணுமா?

சுண்ணாம்புச்சாந்து

சிமெண்டை முதலில் நிறுத்துங்க. சுவரில் பூத்திருப்பது வெறும் கடைக்கால் ஈரம் இல்லை. மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியா மண்ணில் நைட்ரேட் உப்பாக மாறிச் சுவருக்குள் ஏறியிருக்கிறது. (தொழுவத்து மண்ணைக் கரைத்துத்தான் அந்தக் காலத்தில் வெடியுப்பு காய்ச்சினார்கள்.) இந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தையே இழுக்கும். ஐப்பசி மழையில் கரையும், மாசி வெயிலில் படிகமாகும். படிகம் வளரும்போது பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி கிடைக்காது. பின்னாலேயே படிகம் கட்டிப் பூச்சு பலகை பலகையாக விழும், உள்ளே மண்சாந்தும் பொடிந்துபோகும். புட்டியும் எமல்ஷனும் இதே கதைதான்.

உப்புக் கோட்டுக்கு மேல் ஓரடி வரை, அதாவது நான்கடி உயரத்துக்குப் பழைய பூச்சை எடுங்க. கல் இடுக்கில் பொடிந்த சாந்தை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் துடைங்க. தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு இன்னும் உள்ளே போகும். உதிர்ந்த தூளைச் சுவரோரம் விடாமல் வெளியே கொட்டிவிடணும்.

பிறகு உப்பை உறிஞ்ச ஒரு பற்று. களிமண் ஒரு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, ஊறவைத்த காகிதக் கூழ் இரண்டு பங்கு. ஓர் அங்குல கனத்தில் அப்பி, தானாகக் காய்ந்து வெடிக்கும் வரை விடுங்க. மூன்று நான்கு வாரம் ஆகும். உப்பை உறிஞ்சிய பற்றை உரித்துத் தூர எறியணும். இப்படி இரண்டு மூன்று தடவை. மழைக்காலத்தில் செய்தால் காயாது, தை பிறந்த பிறகு ஆரம்பிங்க.

பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, ஆற்று மணல் 2. ஒரு கோட்டிங் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அடுத்ததற்கு முன் பத்து நாள் இடைவெளி, அதுவரை ஈரச்சாக்கு தொங்கவிடுங்க. வெயிலில் சட்டென்று காய்ந்தால் முடிமுடியாக வெடிக்கும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும். இதுவும் சில வருஷத்தில் கீழ்ப்பக்கம் உதிரும், உதிரட்டும். சுவருக்குப் பதில் பூச்சு அழியத்தான் இந்த ஏற்பாடு. அந்த மூன்றடியைக் கொத்தி மறுபடி பூசினால் போதும்.

தோப்புக்காரன்

நன்றிங்க. தரைக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்கச் சொல்கிறார்கள். அதைப் போட்டால் ஈரம் நிற்காதா?

சுண்ணாம்புச்சாந்து

தரையில் நிற்கும், சுவரில் ஏறும். நடுவில் அடைத்த ஈரம் ஓரத்துக்குத்தான் போகும். மூத்திரம் ஊறிய மண்ணை ஓரடி எடுத்துவிட்டு, தூளில்லாத 40 மி.மீ. ஜல்லி அரையடி, அதன்மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் 4 அங்குலம், கடைசியில் தட்டை ஓடு. சுவரை ஒட்டித் தோண்டும் முன் ஓரிடத்தில் குழி போட்டுக் கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று பாருங்க. பல கொட்டகைகளில் ஒன்றரை அடிதான் இருக்கும், அதற்குக் கீழே போனால் சுவர் சரியும். வெளியே சாணமும் மண்ணும் சேர்ந்து தரைமட்டம் உயர்ந்திருந்தால், உள்தரையைவிட அரையடி தாழ்த்தி, சரிவு சுவரை விட்டு விலகிப் போகும்படி வெட்டுங்க.

ஓட்டுக்கூரை

மேலே சொன்னதில் எனக்கு ஒரே மறுப்பு: வரிசை. கூரை முதலில். ஒழுகும் கூரைக்குக் கீழே பற்று போட்டுப் பயனில்லை.

ஓடுகளை முழுசாக இறக்கியே ஆகணும். உங்கள் அளவுக்கு, இறவாணம் சேர்த்து, ஏறக்குறைய 96 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 15 ஓடு வைத்தால் 1,440. தட்டிப்பார்த்து கணீர் என்றால் வைத்துக்கொள்ளுங்க, மொத்தென்றால் ஒதுக்குங்க. பனங்கை நடுவில் நன்றாகத்தான் இருக்கும், சுவருக்குள் புதைந்த முனைதான் இற்றுப்போகும். திருப்புளியால் குத்திப் பார்த்து உள்ளே இறங்கினால் அந்தக் கையை மாற்றணும். திரும்ப வைக்கும்போது முனையைச் சாந்தால் மூடாமல் கல்மேல் உட்காரவைத்துச் சுற்றிக் காற்று போக இடம் விடுங்க.

ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) இடைவெளியைக் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு அடிக்காதீங்க. பழைய ஓடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் ஓட்டில் பதினொன்றைத் தரையில் கொக்கி மாட்டி அடுக்கி, முதல் ஓட்டு நுனியிலிருந்து கடைசி ஓட்டு நுனி வரை இழுத்து ஒரு அளவு, நெருக்கி ஒரு அளவு எடுத்து, சராசரியைப் பத்தால் வகுங்க. அரை அங்குலம் தவறினாலும் தூவானத்தில் உள்ளே சாரல் அடிக்கும். முகட்டு ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சாந்தே நல்லது, சிமெண்ட் வைத்தால் கூரை அசையும்போது விரிசல் விடும். வெக்கைக்கு அடியில் சீலிங் ஓடு போடலாம், ஆனால் எடை கூடுவதால் பனங்கையைப் பார்த்த பிறகு முடிவு செய்ங்க. அதுவும் இல்லாமல் ஏசி வைப்பது வீண், குளிர் ஓட்டு இடுக்கில் போய்விடும்.

கழிவுநீர்_கணக்கு

குளியலறை பழைய சுவருக்குள் வேண்டவே வேண்டாம். தினம் தண்ணீர் படும் மண்சாந்துச் சுவர் கரையும். பின்பக்கம் தனி அஸ்திவாரத்தில் ஒட்டுக்கட்டடமாக எழுப்பி, பழைய சுவரோடு பிணைக்காமல் ஓர் அங்குல இடைவெளி விடுங்க. இரண்டும் வேறு வேறாக அமுங்கும், பிணைத்தால் விரிசல் நிச்சயம். குளியலறைக்கு வாசல் உடைக்கும்போது மூலையிலிருந்து மூன்றடி தள்ளி, முட்டுக்கொடுத்த பிறகே கை வைக்கணும். லிண்டல் (வாசலுக்கு மேல் வரும் உத்திரம்) இரு பக்கமும் குறைந்தது 9 அங்குலம் சுவரில் உட்காரணும்.

பத்துப் பேர் வரை தாங்க செப்டிக் டேங்க் உள்ளளவு 2 மீட்டர் நீளம், 90 செ.மீ. அகலம், தண்ணீர் ஆழம் 1 மீட்டர், மேலே 30 செ.மீ. காலி. உறிஞ்சுகுழி கிணற்றிலிருந்து 18 மீட்டராவது தள்ளி.

கரண்டில்தான் பலர் மாட்டுகிறார்கள்: தோட்டத்து இலவச விவசாய இணைப்பிலிருந்து அறைக்கு ஒயர் இழுக்கக் கூடாது, தனி இணைப்பு வாங்கணும். ஓட்டுக்கூரையில் எலி ஒயரைக் கடிக்கும் என்பதால் முழுக்க பைப்புக்குள், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியோடு (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்). வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தைக் குடியேற்றத் துறைக்கு ஆன்லைனில் ஏற்றணும். நீங்கள் தோப்பிலேயே குடியிருக்கிறீர்களா என்றும் சொல்லுங்க. மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டுக்கு உரிமையாளர் குடும்பம் அங்கேயே இருக்கணும்.