ராண்டம்: 'சமவாய்ப்பு' வேண்டாம், 'எழுமாறு' எடுத்துக்கொள்வோம்

அனைவருக்கும் வணக்கம்.

ராண்டம் (random, என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதது) என்பதற்குப் பள்ளிப் பிள்ளைகளிடம் என்ன சொல் சொல்வது என்று தொடங்கிய பேச்சு 'தற்செயல்', 'தற்போக்கு' என்று நீண்டிருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் 'சமவாய்ப்பு' போதுமே, பழகிய சொல்லை ஏன் தொட வேண்டும் என்றும் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அந்தப் பழகிய சொல்லில்தான் சிக்கலே. வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 7 வர நிகழ்தகவு என்ன என்று கேட்டேன். கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி சட்டென்று 1/11 என்றாள். எப்படி என்றேன். "2-லேர்ந்து 12 வரைக்கும் பதினோரு விடை வரலாம். இது சமவாய்ப்புச் சோதனைதானே டீச்சர்? அப்போ எல்லாத்துக்கும் சம வாய்ப்பு."

கரும்பலகையில் ஆறுக்கு ஆறாகக் கட்டம் போட்டு, 36 கட்டத்திலும் கூட்டுத்தொகையை அவளையே எழுத வைத்தேன். 7 ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை சாய்வாக ஆறு கட்டங்களில் வந்து நின்றது. 2-க்கு ஒரே கட்டம், 12-க்கும் அப்படியே. 7-க்கு 6/36, 2-க்கு 1/36 என்று அவளே திருத்திக்கொண்டாள். அப்புறம் திரும்பி, "அப்போ இது சமவாய்ப்புச் சோதனை இல்லையா?" என்று கேட்டாள். புத்தகப்படி இது சமவாய்ப்புச் சோதனைதான், சொல்லின் பொருள்படி இல்லை. அவள் சொல்லை அப்படியே நம்பியிருக்கிறாள். நம்பியதற்குத்தான் விடை தப்பிப்போனது. அன்றைக்கு எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இந்த மயக்கம் பெரியவர்களையும் விட்டதில்லை. நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ நிகழ்தகவு 3/4. 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கணித அறிஞர் தாலம்பேர் (d'Alembert) அதை ஏற்கவில்லை. முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டுமே பூ என்று மூன்றே வழிகள்தான், ஆகவே 2/3 என்று வாதிட்டார். மூன்று வழிக்கும் சம எடை கொடுத்ததில் வந்த பிழை. அவ்வளவு பெரிய கணித மேதை சறுக்கிய இடத்தில், நாம் கலைச்சொல்லிலேயே வழுக்குப்பாறையை வைத்துப் பிள்ளைகளை நடக்கச் சொல்கிறோம்.

எளிய ராண்டம் மாதிரி (simple random sample) எடுக்கும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு உண்டு. அங்கே 'சமவாய்ப்பு' பொருந்துகிறது. ஆனால் ஒரு காகிதக் குவளையைத் தூக்கிப் போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கலாம், கவிழலாம், பெரும்பாலும் பக்கவாட்டில் சாய்ந்துதான் கிடக்கும். இதுவும் ராண்டம் சோதனையே, சமம் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, ஒரே அளவு வாய்ப்புள்ள நிகழ்ச்சிகளுக்கும் அதே பாடத்தில் 'சமவாய்ப்பு நிகழ்ச்சிகள்' என்றுதான் பெயர். இரண்டு கருத்துக்கு ஒரு சொல் என்றால் பிள்ளைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

சரி, மாற்று என்ன? 'தற்செயல்' எனக்கு ஒட்டவில்லை. 'தற்செயலாகப் பார்த்தேன்' என்கிறோம். பகடையை நாம் வேண்டுமென்றேதான் உருட்டுகிறோம். 'தற்செயல் சோதனை' என்றால் திட்டமில்லாமல் நடந்துவிட்ட சோதனை போல ஒலிக்கிறது. 'தற்போக்கு' அழகான சொல். ஆனால் கட்டுக்கடங்காதது என்ற சாயல் அதில் இருக்கிறது. நூறு முறை, ஆயிரம் முறை செய்யும்போது ஓர் ஒழுங்கு தெரிய வருவதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அதைச் சொல்லே மறுத்துவிடக் கூடாது.

இலங்கைப் பாடநூல்களில் 'எழுமாற்றுப் பரிசோதனை' என்று இருக்கிறது. 'எழுமாறு' என்பதை எழும் + ஆறு என்று பிரித்துப் பார்க்கிறேன். 'பின்வருமாறு' போல, எது எழுகிறதோ அதன்படி. என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, எல்லாம் சமம் என்றும் சொல்லவில்லை. அந்த அடக்கம்தான் வேண்டும். சோறு 'சோற்று' ஆவது போல எழுமாறு 'எழுமாற்று' ஆகும்: எழுமாற்றுச் சோதனை, எழுமாற்று மாதிரி, எழுமாற்றெண். 'மாற்று' என்று தனியாகப் பிரித்து வேறு பொருள் கொள்வார்களோ என்ற ஐயம் வரலாம். முதல் பாடத்தில் ஒருமுறை பிரித்துக் காட்டினால் தீர்ந்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் இடிக்கிறது. 'சமவாய்ப்பு மாறி' (random variable) என்பதை 'எழுமாற்று மாறி' ஆக்கினால் மாற்று, மாறி என்று நாக்கு தட்டுகிறது. அதற்கு 'எழுமாறி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. "X என்னும் எழுமாறி 2 முதல் 12 வரை மதிப்புகளை எடுக்கும்" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தடங்கல் இல்லை.

அப்படியானால் 'சமவாய்ப்பு' எங்கே போகும்? எங்கும் போக வேண்டாம். வாய்ப்பு உண்மையிலேயே சமமாக உள்ள இடத்துக்கு மட்டும் அது இருக்கட்டும். எல்லாவற்றையும் சமம் என்று எண்ணிவிடும் பிழைக்கும் அதிலிருந்தே ஒரு பெயர் கிடைக்கிறது: 'சமவாய்ப்பு மயக்கம்'. தமிழ் இலக்கணத்தில் வேற்றுமை மயக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

தேர்வுத்தாளில் பழைய சொல் இருக்கும்வரை வகுப்பில் இரண்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 'எழுமாறி'யில் இலக்கணக் குறை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள்.