மறுமொழி: கூட்டைவிட்டு வந்தும் இரை கேட்கும் வல்லூற்றுக் குஞ்சுக்குப் பெயர்

அவைக்கு வணக்கம். கூட்டைவிட்டுப் பறந்தும் பெற்றவை தரும் இரையையே நம்பியிருக்கும் குஞ்சின் பருவத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். அது இடம்பெறும் 7-ஆம் வகுப்புப் பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

தேவகோட்டைப் புலவர் ஐயா எழுதியது:
> ‘பார்ப்பும் பிள்ளையும் பறப்பவற்று இளமை.’ தொல்காப்பியர் தந்தபின் புதுச்சொல் எதற்கு?

ஐயா, தொல்காப்பியத்தின் மரபியல் தருவது பறவைகளின் இளமைக்குப் பெயர். நான் கேட்பது அந்த இளமைக்குள் ஒரு பருவத்துக்கு. ஓடு உடைத்த அன்றும் பார்ப்பு, ஒரு மாதம் கழித்துக் கூட்டைவிட்டுப் பறந்தாலும் பார்ப்பு என்றால் மாணவர் எப்படிப் பிரித்து எழுதுவார்? பள்ளிக்குப் பின்னாலுள்ள வேம்பில் அப்படி ஒரு வல்லூற்றுக் குஞ்சு திரிகிறது. நெஞ்சில் பழுப்புக் கீற்று நெடுக்காக இறங்கும். வளர்ந்ததற்குக் குறுக்கே ஓடும். மரம்விட்டு மரம் பறக்கிறது, உட்காரும்போது பிடி தவறித் தடுமாறுகிறது. தாய் ஓணான் கொண்டுவந்தால் கத்திப் பிடுங்கி, உடன்பிறந்தது பறிக்காதபடி இறக்கையை விரித்து இரைமேல் கவிந்துகொள்கிறது. கிழிக்கத் தெரிகிறது, வேட்டை இன்னும் பிடிபடவில்லை. இது தரையில் இறங்கிவிட்டால் ‘விழுந்துவிட்டது’ என்று பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் தூக்கி வந்துவிடுகிறார்கள். பெற்றவை அருகிலேயே இரையோடு சுற்றிக்கொண்டிருக்கும். பருவத்துக்குப் பெயர் இருந்தால் அது தொலைந்த குஞ்சு அல்ல என்று புரியவைக்கலாம். அதற்காகத்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

‘கூடுவிட்ட குஞ்சு’ எளிதுதான். ஆனால் ஔவையாரின் ‘நல்வழி’ நூலில் கூடுவிட்டுப் போவது ஆவி என்று புதுக்கோட்டை அண்ணன் சொன்ன தடையைத் தள்ள முடியவில்லை.

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:
> எங்களில் கல்யாணமான மகனை வேறு வைப்போம். அடுப்பு தனி, வீடு ஒன்று, அரிசி பருப்பு பெற்றவர்கள் கொடுப்பார்கள். ‘வேறுவைத்த பிள்ளை’ என்றால் என்ன?

ஆச்சி, பொருளை இவ்வளவு நெருங்கிய சொல் வேறு வரவில்லை. செட்டிநாட்டுக்கு வெளியே விளக்கவுரை தேவைப்படும் என்பதால்தான் தயங்குகிறேன்.

பெரும்பாலோர் கை மரங்கொத்தி, மீன்கொத்தி வாய்பாட்டில் வந்த ‘கூடுதாண்டி’க்கு. அதற்கு முன், பறக்காமல் கிளையில் தத்தும் நிலைக்குக் ‘கிளைதாவி’. இவற்றையே அனுப்புகிறேன்.

காரைக்குடியிலிருந்து

---

புலவர் மறுமொழி:

தம்பி, அச்சு நிற்க வேண்டாம், அனுப்புங்கள். ஆனால் ‘கூடுதாண்டி’ என்றதும் காது அடுத்த வினைக்குக் காத்திருக்கிறது: தாண்டி என்ன செய்தது? ‘கூடுதாண்டிக் குஞ்சு’ என்றாவது போட்டால் பெயராக நிற்கும். ‘கிளைதாவி’யில் எனக்கு மறுப்பில்லை. மற்றதில், புதுச்சொல் வேண்டும் என்றால் என் வாக்கு ‘பறப்பிளம் பார்ப்பு’க்கே, அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுப்புவேன்.