கைப்பொம்மை நாடகம்: சிரிப்பு ஏன் வரல?

லயத்துப்பையன்: மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் திருவிழாவுக்கு 10 நிமிஷ நாடகம். ஒத்திகையில யாரும் சிரிக்கல, பொம்மை வாயும் பேச்சோட ஒட்டல. கோளாறு எழுத்துலயா, ஆட்டுறதுலயா அண்ணே?

மூங்கில்குச்சி: ரெண்டுலயும்தான் தம்பி. ஒரு வசனத்துக்கு 7, 8 சொல் போதும். சிரிக்க வைக்கிற சொல் கடைசியில நிக்கணும்; அதுக்கப்புறம் ‘தெரியுமா லா’னு இழுத்தா செத்துச்சு. ‘வாங்கண்ணே’ன்னா வாங்-கண்-ணே, மூணே தடவை வாய் திறக்கணும். மேல் விரல் நாலும் அசையக் கூடாது, கட்டைவிரலைக் கீழே இறக்குங்க. விரலைத் தூக்கினா தலை சாஞ்சு, பொம்மை கூரையோட பேசும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

லயத்துப்பையன்: வாய்க்குள்ள அட்டை மடங்குதே?

பஞ்சுத்தலை: வியர்வையில ஊறும். பிளாஸ்டிக் கோப்பு உறையை வெட்டி ஒட்டுங்க. இன்னொண்ணு, கையைத் தூக்கியே ஆட்டினா 3 நிமிஷத்துல பொம்மை அமிழ ஆரம்பிக்கும். அதனால 2 நிமிஷத்துக்கு ஒருக்கா அது உள்ளே போக ஒரு சாக்கு எழுதிடுங்க: ‘இரு, மங்குல (ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம்) பால் வழியுது!’

லயத்துப்பையன்: அட, அந்தச் சாக்கே சிரிப்பா இருக்கே.