மாலிப்டினைட்டுக்குக் கீற்றா, தூள்நிறமா, உரையா?

லாஸ்பேட்டை, புதுச்சேரி:
அனைவருக்கும் வணக்கம். முதலாண்டு நிலவியல் செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்ட்ரீக்', அதாவது கனிமத்தைப் பீங்கான் தட்டில் தேய்த்தால் விழும் தூளின் நிறம், என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் மட்டும் பாக்கி. வரவேண்டிய இடம் இது: "மாலிப்டினைட் ஒரு மாலிப்டின சல்ஃபைடு. ஈயச் சாம்பல் நிறம், உலோக மிளிர்வு, கடினத்தன்மை 1 முதல் 1.5. அதன் ......... தாளில் நீலச்சாம்பல், மெருகிட்ட பீங்கானில் பச்சைச் சாயல்." கிராஃபைட்டும் இதே மாதிரி வழவழப்பாக இருக்கும், விரலில் ஒட்டும், தாளில் எழுதும். ஆனால் தேய்த்தால் கறுப்பு. மாணவர் இரண்டையும் பிரித்தறியப் போவது இந்தப் புள்ளியிட்ட இடத்தை வைத்துத்தான். கீற்று என்று போடலாமா?

மஞ்சக்குப்பம், கடலூர்:
கீற்று வேண்டாம் அம்மா. நம் பக்கத்தில் கீற்று என்றால் கொட்டகை வேயும் தென்னங்கீற்று. தவிர, எல்லாக் கனிமமும் கோடு போடாது. பீங்கான் தட்டின் கடினத்தன்மை ஏறத்தாழ 7. அதற்கு மேற்பட்ட கனிமம் தட்டையே கீறிவிடும். உதிரும் வெள்ளை தட்டினுடையது. அப்போது ஒரு சில்லைச் சுத்தியலால் பொடித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்க்கிறோம். இரண்டு வழிக்கும் பொருந்துவது 'தூள்நிறம்'.

பண்ருட்டி:
ஐயா, கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது தேடுகிறோமே! பொன்னைக் கல்லில் தேய்த்தால் விழுவது உரை. தேய்க்கும் கல் உரைகல். குறுந்தொகை 192-இல் மாம்பூந்தாது படிந்த குயில், பொன்னின் உரை திகழும் கட்டளைக் கல் போலத் தெரிகிறது. கறுப்பின் மேல் மஞ்சள் கோடு. நம் சோதனையும் அதுதானே. உரசு, உராய், உரிஞ்சு எல்லாம் ஒரே வேர். பேச்சைக் குறிக்கும் உரையும் நா அண்ணத்தில் உராய்வதால் வந்தது என்பது என் துணிபு.

நெய்வேலி:
துணிபு இருக்கட்டும் ஐயா. கணினியில் 'உரை நிறம்' என்றால் எழுத்தின் நிறம். பதினெட்டு வயசுப் பிள்ளை அப்படித்தான் படிக்கும். 'ஸ்ட்ரீக்' என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம். சொல்லைவிடச் செய்முறையில்தான் அதிகம் தவறுகிறது. அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து மாலிப்டினைட் பாறைப் பிளவுகளில் படிந்த குவார்ட்ஸ் நரம்புகளில் இருப்பது. கல்லோடு சேர்த்துத் தேய்த்தால் குவார்ட்ஸ் தட்டைச் சுரண்டும், வெள்ளை கலந்து நிறம் வெளிறிப்போகும். செதிலை ஊசியால் நெம்பித் தனியே எடுத்து, அழுத்தாமல் இழுக்கவேண்டும். தனித்தட்டு இல்லாவிட்டால் டைல்ஸ் போதும்: மற்றக் கனிமங்களுக்கு மெருகில்லாத பின்பக்கம், பச்சைச் சாயல் பார்க்க மட்டும் மெருகுள்ள முன்பக்கம். இதைக் கட்டாயம் எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம்:
நிறத்தில் ஐயம் வந்தால் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். மாலிப்டினைட் 4.7, கிராஃபைட் 2.2. கையில் எடுத்தாலே தெரியும். இந்தக் குழப்பம் ஐரோப்பாவிலும் நெடுநாள் இருந்தது. இரண்டும் வேறு என்று 1778-இல் காட்டியவர் சுவீடன் வேதியியலாளர் ஷீலே. மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நாமும் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட்டைக் காரீயம் என்றுதானே சொல்லி வருகிறோம்.

லாஸ்பேட்டை:
தனிமடலில் வந்த இரண்டையும் சேர்த்து 'தூள்நிறம்' பக்கம்தான் பெரும்பான்மை. அதையே போடுகிறேன். சொல்லடைவில் 'உரை' என்பதும் 'ஸ்ட்ரீக்' என்பதும் அருகில் வரும். நெய்வேலி ஐயாவின் டைல்ஸ் குறிப்பு அப்படியே சேர்கிறது.

பண்ருட்டி:
அச்சைத் தடுக்கவில்லை அம்மா. ஆனால் நீங்கள் அனுப்பிய வாக்கியத்தையே மறுபடி பாருங்கள். ஒரே தூள், தாளில் நீலச்சாம்பல், பீங்கானில் பச்சை. மாறுவது தூளா, தேய்க்கும் பரப்பா? எதன்மேல் தேய்த்தோம் என்பது 'தூள்நிறம்' என்ற சொல்லில் இல்லை, உரையில் இருக்கிறது. இந்தக் கனிமத்துக்கு மட்டுமாவது என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.