ஆற்றில் பேடில்போர்டு: குப்பைப் பையை எங்கே கட்டுவது?

ஈரக்கால் கேட்டது:

ஏரியில் பேடில்போர்டு, அதாவது நின்றபடி துடுப்புப் போடுகிற பலகை, ஓட்டிக் கை பழகிவிட்டது. இப்போது நண்பர்களோடு முதல்முறையாக ஆற்றில் இறங்கப் போகிறேன். அரை நாள் பயணம், மெதுவான நீரோட்டம். காற்றடிக்கிற போர்டுதான், பத்தரை அடி நீளம்.

இறங்குமிடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. கண்ணாடிப் பாட்டில் கூடாது, ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பொருள் கூடாது, கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும், படகில் குப்பைப் பை கட்டியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். போர்டும் படகுக் கணக்கில் வருமா? பழத்தோலைக்கூடச் சுமந்து வர வேண்டுமா, அது தானாக மக்கிவிடுமே? ஆற்றில் ஏற்கெனவே கிடக்கிற குப்பையை எடுக்கலாமா? எங்கள் குழுவில் ஒருவன் பெரிய சாக்கோடு வருகிறான், ஆற்றையே துடைத்துவிடுவேன் என்கிறான். எல்லாவற்றையும்விட, பையை எங்கே கட்டுவது என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். போர்டில் இடமே இல்லை.

துடுப்பாளி எழுதியது:

படகுக் கணக்குதான். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008இலேயே பேடில்போர்டைப் படகு வகையில் சேர்த்துவிட்டது. அலைச்சறுக்கு, நீச்சல் பகுதிகளுக்குள் ஓட்டும்போது மட்டும் விலக்கு. மற்ற இடங்களிலும் "இது பலகைதானே" என்று வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பை கட்டச் சொல்வதும் புதிதல்ல. மிசௌரி மாநிலத்தில் கனூ, கயாக் போல எளிதில் கவிழக்கூடிய சிறு துடுப்புப் படகுகளில் ஆற்றில் போகிறவர்கள் கண்ணாடிப் பாட்டில் வைத்திருக்கவே கூடாது. சாப்பாடு கொண்டுபோனால் குப்பைக்கு ஒரு பையைப் படகோடு கட்டியிருக்க வேண்டும். கவிழும் என்று தெரிந்தே எழுதிய சட்டம் அது. மற்றதை மீன்கொத்தி அக்கா வந்து சொல்லட்டும்.

மீன்கொத்தி எழுதியது:

வந்துவிட்டேன். தம்பி, முதலில் பை.

கால் வைக்கிற இடத்துக்குச் சற்று முன்னால், நடுக் கைப்பிடிக்கு அருகில் கட்டு. மூக்கிலே, அதாவது போர்டின் முன்முனையில், இருக்கிற எலாஸ்டிக் கயிற்றில் எல்லோரும் செருகுவார்கள், ஏரியில் அது பரவாயில்லை. ஆற்றில் மூக்கு கனத்தால் நீரோட்டம் அதைப் பிடித்துத் திருப்பும். பையில் குப்பை சேரச் சேர ஈரமும் சேர்ந்து கனம் கூடும், அதையும் கணக்கில் வை. பையைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகவே கூடாது, மேல்தளத்தோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தொங்குகிற கயிறு எதுவானாலும் கிளையில் மாட்டும். அதனால்தான் பையை உன் இடுப்பிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டக் கூடாது என்றும் சொல்கிறேன். லீஷுக்கும், அதாவது உன்னையும் போர்டையும் இணைக்கிற கயிற்றுக்கும், இதே கதைதான்: ஓடுகிற தண்ணீரில் கணுக்கால் லீஷ் வேண்டாம், இடுப்பில் கட்டி ஒரே இழுப்பில் கழற்றக்கூடியது வாங்கு. கணுக்காலில் கட்டியது கிளையில் சிக்கினால், தண்ணீர் தள்ளுகிற வேகத்தில் குனிந்து அதை எட்டவே முடியாது.

பைக்குத் தனியாகச் செலவு செய்யாதே. வாஷிங் மெஷினில் துணி போடுகிற ஜிப் வைத்த வலைப்பை போதும், தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆனால் வலைக்கண் வழியாக மூடி, சிகரெட் துண்டு எல்லாம் நழுவும். உள்ளே ஒரு சின்ன ஜிப் உறை போட்டுக்கொள். சிகரெட் ஃபில்டர் பஞ்சு மாதிரித் தெரிந்தாலும் செல்லுலோஸ் அசிடேட், பிளாஸ்டிக் வகைதான். ஈரத் துடைப்பான்களிலும் பெரும்பாலானவை பிளாஸ்டிக் இழை கலந்தவை. இதெல்லாம் மக்கும் என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

நம் ஆட்களிடமிருந்து ஆற்றில் அதிகம் விழுவது முழுப் பாட்டில் இல்லை. எனர்ஜி ஜெல் பாக்கெட்டின் கிழித்த மூலை! பல்லால் கடித்துக் கிழிப்பார்கள், பாக்கெட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைப்பார்கள், விரல் நகமளவு மூலை காற்றில் போய்விடும். முழுதாகக் கிழிக்காமல் ஒரு ஓரம் ஒட்டியபடி விடு. இன்னும் நல்லது, வீட்டிலேயே உறைகளை எல்லாம் பிரித்துத் திரும்பப் பயன்படுத்தும் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவது. கரையில் உறை பிரிக்காதவனுக்குக் கரையில் குப்பையே இல்லை. போர்டே போடுகிற குப்பையும் உண்டு: கழன்று விழுகிற ஃபின் (போர்டின் அடியில் மாட்டுகிற செதில்), வால்வு மூடி, பிய்ந்து உதிர்கிற மேல்தள நுரை. இறங்குமுன் ஃபின்னை ஒருமுறை ஆட்டிப் பார்.

தண்ணீர்ப் பாட்டிலைக் கயிற்றில் கட்டு, மூடியையும் திருகியே வை. மூடிய பாட்டில் விழுந்தால் மிதக்கும், துரத்திப் பிடித்துவிடலாம். பாட்டில் செய்கிற பெட் (PET) பிளாஸ்டிக் தண்ணீரைவிட அடர்த்தியானது. திறந்து கிடக்கிற பாட்டில் நிரம்பியதும் அடியில் போய்விடும், மூடி மட்டும் தனியாக மிதந்து போகும்.

பழத்தோல்: சுமந்து வா. ஆரஞ்சுத் தோல் மாதக்கணக்கில் கிடக்கும். அது மட்டும் என்றால்கூட நான் இவ்வளவு சொல்லமாட்டேன். எல்லோரும் ஏறி இறங்குகிற அதே இடத்தில் மிச்சம் மீதியைப் போட்டால் எலி வரும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் இருந்துதான் பரவுகிறது, காலில் வெடிப்போ கீறலோ இருந்தால் அதுவே வழி. நாம் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது.

கரையோரம் எழுதியது:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் சாக்கோடு வருகிறவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். 2021இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு, ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகும் பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போவதாகக் கணக்கிட்டது. ஏதோ நாலைந்து பெரிய ஆறுகள் மட்டும் இல்லை, சின்ன ஆறுகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. 2016இல் லிசி கார் என்ற பெண் இங்கிலாந்தின் நீளம் முழுவதையும் கால்வாய், ஆறு வழியாகப் பேடில்போர்டிலேயே கடந்தார், சுமார் 400 மைல். வழியில் பார்த்த பிளாஸ்டிக்கைப் படமெடுத்துப் பதிந்துகொண்டே போனார். போர்டில் நிற்கிறவருக்குத் தண்ணீருக்குள்ளும் தெரியும், நாணலுக்குப் பின்னாலும் தெரியும். கயாக்கில் உட்கார்ந்தால் அந்தப் பார்வை கிடைக்காது. எடுக்க வாய்ப்பு இருக்கும்போது எடுக்காமல் போவானேன்?

மீன்கொத்தி எழுதியது:

எடுக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? எங்கே எடுப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதம்.

குப்பை எங்கே சேர்கிறதோ அங்கேதான் ஆளும் சிக்குவான். சாய்ந்து கிடக்கிற மரத்தைப் பார், கிளைகள் சல்லடை மாதிரி தண்ணீரை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் பிடித்து வைத்திருக்கும். நீரோட்டம் வருகிற மேல்பக்கத்திலிருந்து அதை நோக்கி மிதந்து போனால் போர்டு குறுக்காக அழுந்தும், நீ கிளைக்கு அடியில் போவாய். மரத்தைத் தாண்டி விலகிப் போ, கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்குகிற இடத்தில் நுழைந்து, மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பி, மண்டியிட்டு உட்கார். கைக்கு எட்டினால் எடு, எட்டாவிட்டால் விடு. தப்பித் தவறி மரத்திலோ பாறையிலோ மோதிவிட்டால், பயத்தில் பின்னால் சாயாதே. மோதிய பக்கமே சாய். தண்ணீர் வருகிற பக்கத்து விளிம்பு தாழ்ந்தால் போர்டு கவிழ்ந்துவிடும்.

தடுப்பணை இன்னும் மோசம். அதற்கு மேலே மிதக்கிற குப்பை ஒரு பாய் மாதிரி கூடியிருக்கும், பார்த்தால் கை துறுதுறுக்கும். மேலிருந்து வருகிறவனுக்கு அணையே தெரியாது, தண்ணீர் ஒரு கோட்டோடு முடிகிற மாதிரி மட்டும் தெரியும். 2021 அக்டோபரில் வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்டில், வெள்ளம் ஓடிய ஆற்றில் போன ஒரு பேடில்போர்டு குழு தடுப்பணையில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள். அவர்கள் குப்பை எடுக்கப் போனவர்கள்கூட இல்லை. அந்தக் குப்பையைக் கரையிலிருந்து, முடிந்தால் எடு. இல்லையென்றால் அணையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்.

அப்புறம் சாக்குக்காரரிடம் சொல். தூண்டில் நரம்பைக் கையில் சுற்றி இழுக்க வேண்டாம், மறுமுனையில் முள் இருக்கும். கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, முள்ளைத் தனியாக வாயகன்ற கெட்டி டப்பாவில் போட வேண்டும். உடைந்த கண்ணாடிக்கும் அதே டப்பாதான். ஊசி, மருந்துக் குப்பி, மூடியிருக்கிற டிரம் எதையும் தொட வேண்டாம், இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து தகவல் சொன்னால் போதும். பறவை கூடு கட்டுகிற காலத்தில் நாணலுக்குள் புகுந்து குப்பையை உருவ வேண்டாம். நீர்க்கோழி பிளாஸ்டிக் பையையும் சேர்த்தே கூடு கட்டும், இழுத்தால் முட்டையோடு வரும். கனமழைக்கு அடுத்த ஓரிரு நாள் ஆற்றுக்கே போக வேண்டாம், கழிவுநீரும் சேர்ந்து வருகிற நேரம் அது. கையுறை, சோப்பு, சாப்பிடுமுன் கை கழுவுவது எல்லாம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஈரக்கால் எழுதியது:

நன்றி அக்கா. சாக்கைக் கரையிலேயே விட்டுவிட்டு, இறங்குமிடத்தில் நிரப்பலாம் என்று ஒப்புக்கொண்டான், முகம் மட்டும் சரியில்லை. கடைசியாக ஒன்று: திரும்பி வந்ததும் வலைப்பையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டால் போதும்தானே?

மீன்கொத்தி எழுதியது:

தொட்டி வழிந்துகொண்டிருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோ. பக்கத்தில் வைத்தால் அன்றைக்கு ராத்திரியே நாயும் காற்றும் ஆற்றில் சேர்த்துவிடும்.

வலைப்பையையும் போர்டையும் அங்கேயே பார்த்துவிடு. ஃபின் பெட்டி இடுக்கில், லீஷின் பட்டையில், வலைக் கண்ணில் செடித் துணுக்கு ஒட்டியிருக்கும். ஆகாயத்தாமரை ஒரு சின்னத் துண்டிலிருந்தே முளைத்துப் பரவும். கிள்ளி எடுத்துக் குப்பையில் போடு, போர்டை அலசிக் கவிழ்த்துத் தண்ணீரை வடி, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு ஆற்றிலோ ஏரியிலோ இறக்கு. காற்றை இறக்கி ஈரத்தோடு சுருட்டிப் பைக்குள் திணித்தால் அடுத்த வாரமும் உள்ளே ஈரம் இருக்கும்.