‘அரேஞ்ச்மென்ட்’: இசைக்கோப்பா, இசைவார்ப்பா?

வணக்கம்.

ஆங்கிலேய நாட்டுப்புற ராக் இசைக்குழுவான ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் ‘லீஜ் அண்ட் லீஃப்’ (1969) இசைத்தொகுப்புக்குத் தமிழில் பாடல் பட்டியல் எழுதும் வேலை ஒரு சொல்லில் முட்டி நிற்கிறது. எட்டுத் தடங்களில் ஐந்து மரபுச் சரக்கு. அவற்றுக்கு ‘டிரெடிஷனல், அரேஞ்ச்டு பை’ என்று போடுவது வழக்கம்; அதாவது பாட்டு மரபு, பாடும் வடிவத்தை அமைத்தவர் இன்னார். ‘இசையமைப்பு: ஃபேர்போர்ட்’ என்றால் மெட்டையே அவர்கள் போட்டதாகிவிடும். ‘இசைக்கோப்பு’ என்று எழுதலாமா?

---

> ‘இசைக்கோப்பு’ என்று எழுதலாமா?

வேண்டாம் ஐயா. கணினிக்காரர்கள் எம்பி3-ஐ அப்படித்தான் சொல்கிறார்கள். ‘இசைக்கோர்ப்பு’ என்று ஒற்றைக் கூட்டினால் திரைப்படப் பின்னணி இசை நினைவுக்கு வரும். அகராதியைப் பார்த்து ‘ஏற்பாடு’ என்றால் பழையதா புதியதா என்று கேட்பார்கள்!

‘வாத்தியச் சேர்ப்பு’ போதாது. எந்தச் சரணத்தை விடுவது, எந்தச் சுருதியில் எடுப்பது, எங்கே தாளம் புகுவது எல்லாமே அரேஞ்ச்மென்ட்தான். இந்தத் தொகுப்பின் ‘மேட்டி குரோவ்ஸ்’ பாட்டைப் பாருங்கள். கதை இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே அச்சானது. இவர்கள் பாடும் மெட்டோ அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் ‘ஷேடி குரோவ்’ என்ற பாட்டுக்கு வழங்குவது. கதை முடிந்தபின் வயலினும் மின்கித்தாரும் நீளமாக வாசித்து எட்டு நிமிடத்தைத் தாண்டுகின்றன. கதை ஓரிடம், மெட்டு வேறிடம், இணைத்த கை மூன்றாவது. அந்தக் கைக்குத்தான் பெயர் வேண்டும்.

‘இசைவார்ப்பு’ என்பது என் முன்மொழிவு. உலோகம் பழையது, வடிவம் புதியது. வினைக்கு ‘வார்த்தவர்’, ஆளுக்கு ‘இசைவார்ப்பாளர்’, குறுக்கத்துக்கு ‘வார்.’ என எல்லாம் கிடைக்கிறது.

---

> உலோகம் பழையது, வடிவம் புதியது.

அச்சில் வார்த்தால் எல்லாம் ஒன்றுபோல வருமே? இங்கே ஒவ்வொரு குழுவும் வேறு மாதிரி அல்லவா பாடுகிறது?

---

சுவாமிமலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றியபின் மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். அடுத்த சிலைக்குப் புது மெழுகு, புது அச்சு. உவமை தாங்கும்.

‘டிரெடிஷனல்’ பற்றியும் ஒன்று. ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று எழுதாதீர்கள். ஒருவர் எழுதிப் பெயர் தொலைந்த பாட்டு வேறு, பல வாய் மாறி உருவான பாட்டு வேறு. ‘வாய்மொழி’யும் முழுக்கப் பொருந்தாது. இவற்றில் பல, தெருவில் விற்ற ஒற்றைத்தாள் அச்சிலும் பரவியவை, நம்மூர்ப் பெரிய எழுத்துக் கதைப்பாடல்கள் போல. ‘மரபு’ போதும்.

‘ஃபேர்வெல் ஃபேர்வெல்’ தடத்தில்தான் தவறு நேரும். சொற்களைக் குழுவின் கித்தார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சன் புதிதாக எழுதினார். மெட்டு ‘வில்லி ஓ வின்ஸ்பரி’ என்ற பழைய கதைப்பாடலுக்குப் பாடப்படுவது. முழுவதையும் ‘மரபு’ என்றால் சொல்லுக்கு உரியவர் காணாமல் போவார். சொல், மெட்டு, வார்ப்பு மூன்றையும் தனித்தனியே கேளுங்கள். உரிமைத்தொகையும் அப்படித்தான் பிரியும்: வார்த்தவருக்கு உரிமை அந்த வடிவத்தில் மட்டும், பழைய பாட்டை வேறொருவர் புதிதாக வார்த்துக்கொள்ளத் தடையில்லை.

---

ஏற்றேன். பட்டியல் இப்படி நிற்கும்:

மேட்டி குரோவ்ஸ்: மரபு; வார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன். சைல்ட் 81.
ஃபேர்வெல் ஃபேர்வெல்: சொல் ரிச்சர்ட் தாம்சன், மெட்டு மரபு.
கிரேஸி மேன் மைக்கேல்: சொல் ரிச்சர்ட் தாம்சன், மெட்டு டேவ் ஸ்வார்பிரிக் (குழுவின் வயலின் கலைஞர்). மரபு அன்று, கேட்டால் அப்படித் தோன்றும், ஏமாற வேண்டாம்.

சைல்ட் எண் என்பது, பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் வரிசை எண். ஸ்காட்லாந்தின் செல்கர்க் அருகே கார்ட்டர்ஹாவில் நடக்கும் ‘டாம் லின்’ (இதுவும் இத்தொகுப்பின் தடம்) கதைக்கு அதில் 39. வெவ்வேறு தலைப்பில் வரும் ஒரே பாட்டை அந்த எண்ணை வைத்தே பிடிக்கலாம். அதனால் எண்ணை விடவில்லை.